உயர்த்திய கெப், மாறிப்போன கோணம்

கடந்த மாரிக்கு முன்னர் ஒரு கெப் வாகனத்தின் பின்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்திக் கொடுத்தேன். முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தனுக்கு ஓடும் பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் அது. இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தது.

வாகனம் நடுங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வரும் உதவியாளர். 2009 இல் முதுகில் புகுந்த செல் துண்டை இன்னும் எடுக்கமுடியாமல் வாழ்பவர். “அண்ணை, அறுபதைத் தாண்டினா முதுகுக்குள்ள மணி அடிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். சாரதி வீதியைக் குறை சொன்னார். ஆனால் பரந்தன் முல்லைத்தீவு வீதி இப்போது காப்பெட் வீதி. பிழை வாகனத்தில்தான் இருந்தது. அதைச் செய்தவன் நான். உயரத்தை அளந்த நான் கோணத்தை அளக்கவில்லை.

இதே பிழையை வேறு பல வாகனங்களிலும் பார்க்கிறேன். உயர்த்தும் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வாகனங்களுக்கு என்ன செய்தது என்பதை எவரும் மறக்கவில்லை. 2020 இல் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீடித்தது. புதிது வாங்க வழியில்லாதபோது, இருப்பதை உயர்த்தி வயல் பாதைக்கும் மணல் பாதைக்கும் ஏற்றதாக்கினார்கள். வாகனம்தான் வீட்டின் சோறு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எப்படி உயர்த்துகிறோம் என்பதுதான் கேள்வி.

ஸ்பிரிங் செய்யும் இரண்டு வேலைகள்

கெப் வாகனத்தின் பின்பக்கத்தில் பெரும்பாலும் லீப் ஸ்பிரிங்தான் இருக்கும். அது பாரத்தைத் தாங்குவது எல்லோருக்கும் தெரியும். பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும், அச்சு எந்தப் பக்கம் சரிந்து நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் அதே ஸ்பிரிங்தான். முன் முனை சசியில் ஒரு ஆணியில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். பின் முனை ஷக்கிள் என்ற சிறு ஆடுதுண்டில் தொங்கும். இந்த இரண்டு முனைகளில் ஒன்றைத் தொட்டாலும் அச்சின் சரிவு மாறும்.

நான் இரண்டு வேலை செய்திருந்தேன். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரண்டு அங்குல இரும்புக் கட்டை வைத்தேன். மேலும் ஒரு அங்குலம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டதால், இரண்டு அங்குலம் நீளம் கூடிய ஷக்கிள் போட்டேன். ஷக்கிளை எவ்வளவு நீட்டுகிறோமோ அதில் ஏறத்தாழ அரைவாசிதான் வாகனம் உயரும். அதனால் கணக்குச் சரியாக மூன்று அங்குலம் வந்தது.

கட்டை சரிசமமாக இருந்தால் அச்சைக் கீழே இறக்குமே தவிரச் சரிக்காது. நீள ஷக்கிள் அப்படியல்ல. அது ஸ்பிரிங்கின் பின் முனையை மட்டும் கீழே தள்ளும். முன் முனை அசையாது. ஸ்பிரிங் பின்னோக்கிச் சரிய, அதோடு அச்சும் திரும்பி, டிபரென்சலின் மூக்கு, அதாவது பினியன், மேல்நோக்கி எழும்பும். ஸ்பிரிங்கின் நீளம் 1250 மில்லிமீற்றர், பின் முனை இறங்கியது 50 மில்லிமீற்றர் என்றால் சரிவு 2 பாகைக்குச் சற்று மேல். கண்ணால் பார்த்தால் தெரியாது. அறுபதில் ஓடினால் முதுகுக்குத் தெரியும்.

இரண்டு உலக்கை, ஒரு உரல்

கியர்பெட்டியிலிருந்து டிபரென்சலுக்குப் போகும் புரொபெல்லர் சாப்டின் இரு முனையிலும் குரொஸ் ஜொயின்ட் உண்டு. வளைந்து நிற்கும் ஒரு குரொஸ் வழியாகச் சுழற்சி போகும்போது மறுபக்கம் ஒரே வேகத்தில் சுழலாது. ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். முன் குரொஸ் செய்யும் இந்தக் கோளாறைப் பின் குரொஸ் எதிர்ப்பக்கமாகச் செய்து சரிப்படுத்துகிறது. ஒரு உரலில் இரண்டு பேர் மாறிமாறி உலக்கை போடுவதுபோல. தாளம் பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும்.

தாளம் பிசகாமலிருக்க இரு முனையிலும் வளைவு சமமாக இருக்கவேண்டும். அதாவது கியர்பெட்டியின் அச்சுக்கோடும் பினியனின் அச்சுக்கோடும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்கவேண்டும்.

அந்த ஹைலக்ஸை மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்தி அளந்தேன். கியர்பெட்டியின் சரிவு 3 பாகை. சாப்டின் சரிவு பத்தரைப் பாகை. பினியன் ஐந்தரைப் பாகை. ஆகவே முன் குரொஸில் ஏழரைப் பாகை வளைவு, பின் குரொஸில் 5 பாகை. இரண்டரைப் பாகை வித்தியாசம். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது அச்சு முறுகி மூக்கு இன்னும் மேலே ஏறும். நடுக்கம் மிதிக்கும்போது கூடியதும் காலை எடுத்ததும் குறைந்ததும் அதனால்தான். சில்லு பலன்ஸ் பிழையென்றால் அப்படி மாறாது. ஓட்டத்தில் நியூற்றலுக்கு மாற்றிப் பார்த்தோம். எஞ்சின் சுற்று இறங்கியும் நடுக்கம் நிற்கவில்லை என்பதால் எஞ்சினும் காரணமல்ல.

முப்பதில் மன்னித்தது, அறுபதில் மன்னிக்காது

என் பிழைக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. நான் தொழில் பழகியது வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். பழைய ரயரை வெட்டிப் புஷ் செய்தோம். உடைந்த ஸ்பிரிங் தகட்டுக்கு வேறு வாகனத்துத் தகட்டைப் போட்டுக் கட்டினோம். வெட்டு, உயர்த்து, ஒட்டு என்ற அந்தக் கைப்பழக்கம் பலரை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை நான் தாழ்த்திச் சொல்லமாட்டேன்.

ஆனால் அன்று கிரவல் பாதையில் வாகனம் முப்பதில் ஓடியது. இந்த நடுக்கத்தின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. முப்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு, உதைப்பு நான்கு மடங்கு. அன்று மறைந்திருந்த பிழை இன்று குரொஸை உடைக்கும். ஓட்டத்தில் முன் குரொஸ் உடைந்தால் கழன்ற சாப்ட் வீதியில் குத்தும். பின்பெட்டியில் ஆட்கள் இருந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திருத்திய விதம்

நீள ஷக்கிளைக் கழற்றிவிட்டுப் பழைய அளவு ஷக்கிளைப் போட்டேன். பினியன் மூன்று பாகைக்கு இறங்கி, கியர்பெட்டிக்குச் சமாந்தரமானது. உயரம் ஒரு அங்குலம் குறைய, சாப்டின் சரிவும் ஒன்பதுக்கு வந்தது. இரு முனையிலும் 6 பாகை. நூறு, நூற்றிருபது சென்ரிமீற்றர் நீளமான சாப்டில் ஒரு அங்குலம் உயர்த்தினாலே ஒரு பாகைக்கு மேல் சரிவு கூடும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஷக்கிளை மாற்றமுடியாத இடத்தில் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைக்கலாம். ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கும் வாகனத்தில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருந்தால் மூக்கு மேலே போகும், முன்னால் இருந்தால் கீழே வரும். மாற்றி வைத்தால் பிழை இரட்டிப்பாகும். மூக்கு சமாந்தரத்துக்கு ஒரு பாகை கீழே நின்றால் நல்லது, மிதிக்கும்போது ஏறிச் சரியாகிவிடும். கியர்பெட்டிப் பக்கத்தில் இரட்டைக் குரொஸ் உள்ள சாப்டுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே பினியன் நேரே சாப்டைப் பார்த்து நிற்கவேண்டும். நடுவில் பெயரிங் உள்ள இரண்டு துண்டுச் சாப்ட் என்றால் அந்தப் பெயரிங்கையும் அளவாக இறக்கவேண்டி வரும்.

சாப்டைக் கழற்றமுன் இரு துண்டிலும் பெயின்ரால் ஒரு கோடு போடுங்கள். பற்கள் மாறிப் பூட்டினால் இரு குரொஸும் தாளம் தப்பி, கோணம் சரியாக இருந்தும் நடுங்கும்.

கட்டைக்குமேல் கட்டை அடுக்கவே கூடாது. கட்டை உயர உயர அச்சுக்குக் கிடைக்கும் நெம்பு கூடும். மணலில் மிதிக்கும்போது ஸ்பிரிங் பாம்புபோல் முறுகி, பின்பக்கம் துள்ளும். இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டுமென்றால் வளைவு கூடிய புதிய ஸ்பிரிங் போடுவதே முறை. யூ போல்டைப் புதிதாகப் போட்டு, குறுக்காக மாறிமாறி இறுக்கி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கவேண்டும். சென்டர் போல்ட் தன் குழிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முன் ஆணியிலிருந்து அச்சுவரை இரு பக்கமும் அளவு ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் வாகனம் நண்டுபோல் சாய்ந்து ஓடும்.

பாரத்தைச் சொல்லும் தடி

நடுக்கத்தைத் தேடிக் கீழே படுத்தபோதுதான் அதைவிடப் பெரிய பிழையைக் கண்டேன். இத்தகைய பல கெப்களில் பின் அச்சிலிருந்து சசிக்கு ஒரு மெல்லிய தடி போகும். சசியில் அது பிடித்திருப்பது பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு. பாரம் ஏற்றினால் சசி இறங்கும், தடி எழும்பும், வால்வு பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். பெட்டி வெறுமையானால் அழுத்தத்தைக் குறைத்து, பின் சில்லுகள் இறுகி வழுக்காமல் காக்கும்.

வாகனத்தை உயர்த்தினால் அந்தத் தடி ஏமாந்துபோகும். பெட்டி நிறைய மீனும் ஐஸும் இருந்தாலும் வெறுமை என்றே வால்வு நினைக்கும். பின் பிறேக் பாதி வேலை செய்யும். முன் பிறேக் சூடேறும், நிற்கும் தூரம் நீளும். இரண்டு வாரம் அந்த வாகனம் அப்படித்தான் ஓடியது. மாடுகள் படுக்கும் வீதியில், பாடசாலை விடும் நேரத்தில். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

திருத்தம் எளியது. அச்சில் தடி பூட்டியிருக்கும் தாங்கியை, உயர்த்திய அளவுக்கே உயர்த்தினால் தடி பழைய நிலைக்கு வரும். சிலர் வால்வைக் கழற்றி எறிகிறார்கள். அப்போது வெறும் பெட்டியோடு மழையில் பிறேக் பிடித்தால் பின்பக்கம் சுழலும். அத்தோடு சில்லுகளைத் தொங்கவிட்டு, பிறேக் ஹோஸ், கைபிறேக் கேபிள், ஷொக் அப்சோபர் மூன்றும் இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

உயர்த்தமுன் கேட்கவேண்டியவை

இதற்கு விலையான கருவி தேவையில்லை. கைத்தொலைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் வசதி போதும். அதுவும் இல்லையென்றால் மேசனின் தூக்குக்குண்டும் பிள்ளையின் பாகைமானியும் போதும். வழமையான பாரத்தோடு, சில்லுகள் தரையில் நிற்கும்போது அளக்கவேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் அளவு பொய்யாகும்.

உயர்த்தித் தருகிறேன் என்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உயர்த்தமுன்னும் பின்னும் கியர்பெட்டி, சாப்ட், பினியன் மூன்றின் கோணத்தையும் எழுதித் தருவாரா? பிறேக் தடியின் தாங்கியை உயர்த்துவாரா? யூ போல்ட் புதிதா? பதில் இல்லையென்றால் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். அனுமதி, காப்புறுதி விடயங்களையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்னரே கேட்டறியுங்கள்.

இன்னொரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள். இந்த வாகனத்தில் யார் ஏறப்போகிறார்கள்? செயற்கைக்காலோடு ஏறும் ஒருவருக்கு மூன்று அங்குலம் என்பது பெரிய உயரம். எங்கள் ஊரில் அப்படி ஏறுபவர்கள் அநேகர். குறைத்த அந்த ஒரு அங்குலத்தை உரிமையாளர் பிறகு கேட்கவே இல்லை. அவருடைய தகப்பனார் இப்போது பிறர் கை பிடிக்காமல் ஏறுகிறாராம்.

திருத்திய பிறகு உதவியாளரை ஏற்றிக்கொண்டு பரந்தனிலிருந்து விசுவமடுவரை ஓடிப் பார்த்தேன். எழுபதில் திரும்பி அவரைப் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்து நித்திரையாகிவிட்டார்.