உஷார்! கட்டுப் பிரித்த பிறகுதான் ஆபத்தே!

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லா கூடியிருக்கு" என்கிறார். கூடவே, "பிசியோதெரபி பண்ணிக்குங்க" என்று சீட்டில் ஒரு வரி எழுதித் தருகிறார். மாத்திரையை மறக்காமல் வாங்குகிறோம். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறோம்.

உஷார்! விபத்தில் தப்பிய மூட்டு, கட்டுப் பிரித்த பிறகு வரும் வாரங்களில் முடங்கிப்போகிறது. அதுவும் நம் வீட்டிலேயே, நம் கண் முன்னால், நல்லது என்று நினைத்து நாமே செய்யும் காரியங்களால். எலும்பைச் சேர்த்து வைப்பது டாக்டரின் வேலை. சேர்ந்த எலும்பை வைத்து மறுபடி நடப்பது, சட்டை போடுவது, குடம் தூக்குவது எல்லாம் பிசியோதெரபி எனும் இயன்முறை சிகிச்சையால்தான் திரும்பி வரும். அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் மூட்டு இன்னும் கொஞ்சம் இறுகுகிறது.

"ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று விடாதீர்கள்!

அசையாத தசை கரையும். காலில் கட்டு என்றால், தொடையின் முன்பக்கத் தசை முதலில் இளைக்கும். கட்டுப் பிரித்ததும் இரண்டு தொடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்குகிறது. அது இளைத்த நிலையில் படி இறங்கினால் முட்டி மடங்கிவிடும். மறுபடி விழுவோம், மறுபடி முறியும்.

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. நோய் நொடி இல்லாத 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உழைக்கும்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் அந்த மூன்றே வாரத்தில் கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. அதே ஐந்து பேரை 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தார்கள். இடையில் வந்த 30 ஆண்டு முதுமை கெடுத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது!

வாலிபர்களுக்கே இந்தக் கதி என்றால், பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த 75 வயதுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கச் சொல்வது இதனால்தான். "வயசானவங்க, பாவம், படுத்தே இருக்கட்டும்" என்று நாம் காட்டும் கருணை, படுக்கைப் புண்ணையும் நுரையீரலில் சளியையும் ரத்தக்குழாயில் உறைகட்டியையும் கொண்டுவரும். டாக்டர் நிற்கலாம் என்று சொல்லிவிட்டால் தாமதிக்காதீர்கள்.

கட்டு போட்டிருக்கும்போதே உஷார்!

மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டவர்களைப் பாருங்கள். கையைக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரமும் விரலைக்கூட அசைக்காமல் காப்பாற்றுவார்கள். கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டோடு விரல்களும் தோளும் சேர்ந்து இறுகியிருக்கும். மாவு பிசைய விரல் மடங்காது. தலை வார கை மேலே போகாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகும் அபாயம் இன்னும் அதிகம்.

டாக்டர் தடுக்காத வரை, கட்டுக்கு வெளியே இருக்கும் மூட்டுகளை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். விரல்களை முழுதாக நீட்டி, முழுதாக மடக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். ஒரு நாளில் பல முறை. காசு செலவில்லாத வைத்தியம் இது.

இன்னொரு ஆபத்து, கட்டு இறுக்கமாக இருப்பது. மாவுக்கட்டானாலும் சரி, மூங்கில் தப்பை வைத்த நாட்டுக் கட்டானாலும் சரி, உள்ளே வீக்கம் ஏறும்போது கட்டு விரியாது; ரத்த ஓட்டம்தான் நசுங்கும். மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை மற்றவர் நீட்டிவிட்டால் உயிர் போகும் வேதனை, மரத்துப்போதல், வெளிறிய அல்லது நீலம் பாய்ந்த விரல்கள் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். செத்த தசையை எந்தப் பயிற்சியாலும் உயிர்ப்பிக்க முடியாது. கை கொக்கிபோல் வளைந்து நின்றுவிடும்.

கெண்டைக்கால் வீங்கினால் நீவாதீர்கள்!

காலில் கட்டு, அல்லது இடுப்பு, முழங்கால் ஆபரேஷன். சில நாள் கழித்து ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிறது. வீட்டில் உடனே என்ன செய்வார்கள்? "நரம்பு பிடிச்சிருக்கு" என்று சொல்லித் தைலம் எடுத்து வந்து நீவத் தொடங்குவார்கள்.

நிறுத்துங்கள்! அது ஆழமான ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் அபாயம் உண்டு. அது உயிரையே பறிக்கும். கால் வீக்கத்தோடு திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். வீக்கம் மட்டும்தான் என்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

முழங்கையோடு விளையாடாதீர்கள்!

உடம்பில் சீக்கிரம் இறுகும் மூட்டுகளில் முழங்கை ஒன்று. மாமரத்திலிருந்து விழுந்த பையனுக்கு முழங்கைக்கு மேல் முறிவு. கட்டுப் பிரித்ததும் கை முழுதாக நீளவில்லை. பதறிப்போன வீட்டார் எண்ணெய் தடவி, கையைப் பிடித்து இழுத்து நீட்டுகிறார்கள். பையன் கதறுகிறான். "கொஞ்சம் வலிச்சாதான் சரியாகும்" என்று இன்னொருவர் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.

இது வைத்தியமல்ல, சேதம். அடிபட்ட முழங்கையை வலுக்கட்டாயமாக இழுத்தாலும் அழுத்தி நீவினாலும் உள்ளே தசை கிழிந்து ரத்தம் கசியும். அந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். அப்படி வளர்ந்துவிட்டால் மூட்டுக்கு நடுவே கல் வைத்ததுபோல் கை பாதியிலேயே நின்றுவிடும். பிறகு ஆபரேஷன் வரை போக வேண்டியிருக்கும்.

பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சரியாகக் கூடிய முறிவு என்றால், பெரும்பாலான குழந்தைகளுக்கு முழங்கை அசைவு விளையாட்டிலும் அன்றாட வேலையிலும் தானாகவே திரும்பிவிடும். சில மாதம் ஆகலாம். அவசரப்பட்டு இழுக்கவே கூடாது. குழந்தை தானாக எவ்வளவு மடக்குகிறதோ, நீட்டுகிறதோ அது போதும். முன்னேற்றமே இல்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டிக்குக் கீழே தலையணையா? எடுத்துவிடுங்கள்!

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அம்மாவுக்கு, வலி குறையட்டும் என்று முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் சொருகுகிறோம். முட்டி லேசாக மடங்கிய நிலையில் அவருக்குச் சுகமாக இருக்கிறது. இரவு முழுக்க அப்படியே தூங்குகிறார். சில வாரத்தில் முட்டியின் பின்பக்கம் சுருங்கி, கால் நேராக நீள மறுக்கிறது. அந்த லேசான வளைவோடு நடக்கும்போது ஒரு கால் குட்டையானதுபோல் விந்தி நடப்பார். இடுப்பும் முதுகும் வலிக்கும்.

தலையணை வைப்பதாக இருந்தால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தன் எடையாலேயே நேராகும். சுகமாக இருக்காது, ஆனால் கால் நேராகும்.

மடக்குவதும் அதே அளவு முக்கியம். பிசியோதெரபிஸ்ட் ஒரு கோணமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் சடங்கல்ல. சமதரையில் நடக்க முட்டி ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி மடங்க வேண்டும். மாடிப்படிக்கு 80 முதல் 90. நாற்காலியிலிருந்து எழ 90 முதல் 100. உங்கள் முட்டி இன்று எத்தனை டிகிரி என்று கேட்டு எழுதி வையுங்கள். போன வாரத்தைவிட எண் கூடவில்லை என்றால், இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் இறுக்கத்தை விடுவிக்க வழிகள் அதிகம். தழும்பு முற்றிய பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் போராட்டம்தான்.

"வலி போயிடுச்சு" என்பதை நம்பாதீர்கள்!

கபடியிலோ கால்பந்திலோ முட்டியின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் செய்துகொண்ட இளைஞர்களுக்கு இந்த எச்சரிக்கை. மூன்றாம் மாதமே வலி இருக்காது. ஓடிப் பார்த்தால் ஓடவும் முடியும். அப்படியே களத்தில் இறங்கிவிடுகிறார்கள். உள்ளே வைத்த புதிய நார் அதற்குள் முதிர்ந்திருக்காது. குறைந்தது ஒன்பது மாதம் ஆக வேண்டும். அதோடு, ஒற்றைக் காலில் குதிக்கும் சோதனையிலும் தொடைத் தசை வலுவிலும் இரண்டு கால்களும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். அதற்கு முன்னால் ஆடினால் அதே நார் மறுபடி கிழியும் அபாயம் பல மடங்கு.

கரண்ட் வைத்தால் மட்டும் போதாது!

"பத்து நாள் கரண்ட் வெச்சுக்கிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று பலர் சலித்துக்கொள்வார்கள். கரண்ட், மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் எல்லாம் வலியைத் தற்காலிகமாகத் தணிக்க உதவலாம். இளைத்த தசையை வளர்க்கவும் இறுகிய மூட்டை இளக்கவும் பயிற்சிதான் வழி. படுக்க வைத்து, மெஷினை மாட்டிவிட்டு, கையால் தொட்டுப் பார்க்காமல், ஒரு பயிற்சியும் சொல்லித் தராமல் அனுப்பும் இடத்துக்குத் தினமும் பணம் கட்டாதீர்கள்.

ஒத்தடத்திலும் உஷார். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது. வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்து புண்ணான பிறகே தெரியும். ஐஸ் வைத்தாலும் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் போதும்.

யாரிடம் போவது?

பிசியோதெரபி பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கரை ஆண்டு என்பதே இதுவரை இருந்த நடைமுறை. இத்துறையையும் சேர்த்து ஒழுங்குபடுத்த 2021-ல் நாடாளுமன்றம் தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. சில மாதச் சான்றிதழை மாட்டிக்கொண்டு முதுகையும் கழுத்தையும் "நெட்டி முறிப்பவர்கள்" தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கழுத்தைச் சட்டென்று திருப்புவது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிழித்துப் பக்கவாதம் வரை கொண்டுபோன சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. தயங்காமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள்? என் டாக்டர் கொடுத்த சீட்டையும் எக்ஸ்ரேயையும் பார்த்தீர்களா? எத்தனை வாரத்தில் என்ன முன்னேற்றம் எதிர்பார்க்கலாம்? வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன?

முதுகு வலியோடு சிறுநீர் போக முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, இரண்டு கால்களும் துவண்டுபோவது என்றால் பிசியோதெரபிக்கும் நேரமில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எவ்வளவு வலி சரி?

பயிற்சியின்போது இழுப்பதுபோல் லேசான வலி வரத்தான் செய்யும். பத்துக்கு மூன்று, நான்கு என்று சொல்லும் அளவுக்கு இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் மூட்டு வீங்கி, சூடாகி, வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். கட்டுப் பிரித்த கையில் எரிச்சல், தோல் பளபளப்பு, நிறமாற்றம், தொட்டாலே தாங்க முடியாத வலி என்று வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது தனியாகக் கவனிக்க வேண்டிய கோளாறு.

பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள்!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் ஓர் அங்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அண்மையில் கட்டுப் பிரித்திருந்தால், இன்றைக்கே அந்த மருத்துவச் சீட்டை எடுத்துப் பாருங்கள். "பிசியோதெரபி" என்ற வரி இருக்கிறதா? இன்னும் போகவில்லையா? நாளைக் காலையில் அழைத்துப் போங்கள். தைலப் பாட்டிலைத் தள்ளி வையுங்கள். சொல்லித்தந்த பயிற்சியை வேளை தவறாமல் செய்ய வையுங்கள். இறுகிய மூட்டைப் பிறகு இளக்குவதைவிட, இறுகாமல் காப்பது எத்தனையோ மடங்கு சுலபம்.