விழுகின்ற பங்கு: உப்பா, இறாலா?

"சந்தை விழுந்து கிடக்கிறதே, தொழில்நுட்பக் கம்பனிப் பங்குகளை இப்போது வாங்கிப் போடலாமா?" புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வியாபாரச் சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பாதிப் பதில் நம்மவர்களுக்கே தெரியும். விளைச்சல் காலத்தில் உப்பு விலை இறங்கினால், கையில் பணமும் களஞ்சியமும் உள்ளவர் வாங்கி வைப்பார். இறால் விலை இறங்கினால் யாரும் வாங்கி அடுக்குவதில்லை. பங்கிலும் விலையைப் பார்க்கும் முன் சரக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் நஸ்டாக் சுட்டெண் 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டியது. 2002 ஒக்டோபரில் 1,114 ஆகச் சரிந்தது. பாதி விலைக்கு வந்துவிட்டதென்று இடையில் பாய்ந்தவரின் முதலும் மீண்டும் பாதியானது.

நம் நாட்டில் டயலொக் டெலிகொம் 2005இல் ஒரு பங்கை 12 ரூபாவுக்குப் பொதுமக்களுக்கு வழங்கியது. பின்னர் அது 20 ரூபாவையும் கடந்தது. 2008இல் கம்பனி நட்டமடைய, பங்கு 12 ரூபாவுக்கு வெகு கீழே போனது. 2009இல் யுத்தம் முடிந்து கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனால் அந்த வருடமும் டயலொக்கின் கணக்கு நட்டம்தான்; 2010இலேயே இலாபத்துக்குத் திரும்பியது. சந்தை எழும்பும் நாளும் கம்பனி எழும்பும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை.

மார்க்க வரம்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பனியின் வட்டிக் கடன், அதன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அயோஃபி நிறுவனத்தின் அளவுகோல். 100 கோடி பெறுமதியான கம்பனிக்கு 20 கோடி கடன் என்றால் 20 வீதம். பங்கு விலை பாதியானால், கடன் ஒரு சதம் கூடாமலேயே அது 40 வீதமாகிவிடும். எனவே பழைய பட்டியலை நம்பி விழும் பங்கை வாங்காதீர்கள்.

என் ஆலோசனை இதுதான். அடிவிலையைப் பிடிக்க முயலாதீர்கள். அது கடந்து போன பின்னரே தெரியும். காலாண்டுக் கணக்கில் நட்டம் குறைகிறதா, கடன் இறங்குகிறதா என்று பாருங்கள். வாங்குவதை மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். தரகர் தரும் வட்டிக் கடனைத் தொடவே வேண்டாம். அது ஹராம், விலை இன்னும் இறங்கினால் உங்கள் பங்கை அவரே விற்றுவிடவும் முடியும். கடைச் சரக்குக்கும் பெருநாள் கொள்முதலுக்கும் வைத்த பணத்தையும் இதில் போடாதீர்கள். காத்திருக்க முடிந்த பணத்துக்குத்தான் விழுந்த சந்தை இலாபம் தரும்.