நீச்சல் குளத்துக்கு வேலியும் அலாரமும்: சட்டம் என்ன சொல்கிறது?



கோவளம், முட்டுக்காடு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட்டும் கெஸ்ட் ஹவுசும் பெருகிப் போச்சு. நம் குழுப் பெண்கள் பலர் அங்கேதான் சமையலுக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். கணவர் வாட்ச்மேன் என்பதால் பங்களாவின் பின்கட்டிலேயே குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களும் உண்டு. வாடகைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் சனி, ஞாயிறு இரண்டு நாள் குளத்தருகே இருப்பார்கள். நம் பிள்ளைகளோ வருஷம் முழுக்க இருக்கிறார்கள். அதனால் இது பணக்காரங்க விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

2021ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் கால்வாசி 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். சின்னக் குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் கத்தாது. வாயில் தண்ணீர் போன பிறகு எப்படிக் கத்தும்? பக்கத்து அறையில் பாத்திரம் தேய்க்கும் தாய்க்கு ஒன்றுமே கேட்காது.

அதற்காகத்தான் அலாரம். குளத்தின் ஓரத்தில் ஒரு பெட்டியைப் பொருத்துவார்கள். ஏதாவது விழுந்து தண்ணீர் அலம்பினால் அதை உணர்ந்து சைரன் அலறும். குளத்தைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓடி, யாராவது தாண்டினால் ஒலிக்கிற வகையும் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் 2003 ஜனவரியில் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். தரையில் தோண்டிக் கட்டிய தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், மேல்மூடி, முழுக்க மூடும் கூரை இந்த நாலில் ஒன்றாவது இருக்க வேண்டும். புதுக் குளங்களுக்கு 2004 முதல் கட்டாயம். பழைய குளங்களுக்கு 2006 வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 2004லேயே கெடு முடிந்தது. நம்ம ஊர் கெஸ்ட் ஹவுஸ் மாதிரிதானே அதுவும்! மீறினால் 45,000 யூரோ வரை அபராதம்.

ஆனாலும் அலாரத்தை மட்டும் நம்பச் சொல்ல மாட்டோம். குளிக்கும்போது அணைத்து வைப்பார்கள், மறுபடி போட மறந்துவிடுவார்கள். பேட்டரி தீரும். கடல் காற்றில் எதுதான் துருப்பிடிக்காமல் இருக்கிறது? அதோடு, தண்ணீர் அலம்புவதை உணரும் வகை ஒலிப்பது குழந்தை விழுந்த பிறகுதான். விழாமல் தடுப்பது வேலி. ஆஸ்திரேலியாவில் வேலியைத்தான் முதலில் கேட்கிறார்கள். உயரம் 1.2 மீட்டர், அதாவது நாலு அடி. கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு தானாகவே மூடித் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். ஏறி நிற்க வசதியாக நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேலியோரம் இருக்கக் கூடாது. இதை நம் ஊர் வெல்டரே செய்து கொடுப்பார்.

நம் நாட்டில் அலாரம் கட்டாயம் என்ற சட்டம் இல்லை. 2012 ஆகஸ்டில் சென்னையில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் நாலாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகு நீச்சல் குளம் நடத்த உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி வந்தது. அசம்பாவிதம் நடந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். 5 வருஷம் வரை சிறை. ஆனால் அதெல்லாம் பிள்ளை போன பிறகு. அப்பவும் ஊர் என்ன கேட்கும்? "பெத்தவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா?" என்றுதான். வேலி ஏன் போடவில்லை என்று முதலாளியை யாரும் கேட்க மாட்டார்கள்.

நாம் கேட்கலாம். வேலை செய்யும் பெண் தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் குழுவின் பேரில் கேட்பதே நல்லது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். நம் ஊராட்சியில் எத்தனை குளத்துக்கு உரிமம் இருக்கிறது, எத்தனையில் வேலி இருக்கிறது என்று மனுவில் கேளுங்கள். எந்த பங்களா, யார் சொன்னது என்று பெயர் எழுத வேண்டாம். மனுவின் நகலில் ஊராட்சிச் செயலரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.