சங்கு ஊதாத ஆலை!

"வீட்டிலிருந்தே வேலையாம்! பேருந்து நெரிசல் இல்லை, வெயில் இல்லை, மேலாளர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்தில் சம்பளம்! கொடுத்து வைத்தவர்கள்!"

தேநீர்க் கடைகளிலே கேட்கும் பேச்சு இது. பேசுகிறவர் பட்டறைத் தொழிலாளி. நாளெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, எண்ணெய்க் கறை படிந்த கையோடு வந்து நிற்பவர். அவருக்கு அப்படித் தோன்றுவதிலே வியப்பில்லை.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. ஆலையிலே சங்கு ஊதுகிறது. காலைச் சங்கு அழைக்கிறது. மாலைச் சங்கு விடுவிக்கிறது. வீட்டிலே வேலை செய்பவனை விடுவிக்கும் சங்கு எது? அதை ஊதுவது யார்?

மாலைச் சங்கு, முதலாளி மனமிரங்கித் தந்த கொடை அல்ல. சென்னைப் பெரம்பூரிலே பின்னி ஆலைத் தொழிலாளர்கள், மதிய உணவுக்கு விடும் நேரம் உண்டு முடிக்கவும் போதவில்லையே என்று குமுறினார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் தோள் கொடுத்தார்கள். 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். போராட்டம் புயலாக வீசியது. சட்டமோ நத்தையாக நகர்ந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு 1922 இல் வாரம் 60 மணி நேரம். 1934 இல் 54. 1946 இல் 48. பன்னிரண்டு மணி நேரத்தைக் குறைக்க இருபத்து நான்கு ஆண்டுகள்! ஒரு மணிக்கு ஈராண்டு! அந்த விலை கொடுத்து வாங்கியது மாலைச் சங்கு.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து நாடு முடங்கியது. பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகள் காலியாயின. வேலை, மடிக்கணினியில் ஏறி வீடு வந்து சேர்ந்தது. நோய் அடங்கிய பிறகு பலர் அலுவலகம் திரும்பினார்கள். வேலை மட்டும் வீட்டை விட்டுப் போக மறுத்துவிட்டது!

இரவு மணி எட்டரை. தட்டிலே தோசை. கைப்பேசி கூப்பிடுகிறது. "தம்பி, சின்ன வேலைதான், ஐந்தே நிமிடம்" என்கிறார் மேலாளர். அந்த ஐந்து நிமிடம் பத்தரை மணிக்கு முடிகிறது! தங்கை திருமணத்துக்கு விடுப்பு எடுத்து ஊருக்குப் போகிறான்; பந்தலுக்குள்ளே மடிக்கணினியும் வருகிறது. காய்ச்சல் என்றாலோ, "வீட்டில்தானே இருக்கிறீர்கள், படுத்தபடியே பார்த்து அனுப்புங்களேன்" என்று பரிவு பொழிகிறார்கள். ஆலையிலே மிகுநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று சட்டம் சொல்கிறது. இங்கே இரவு பத்தரைக்குக் கூலி? "பொறுப்பான பிள்ளை" என்ற பாராட்டு!

"கைநிறையச் சம்பளம் வாங்குபவனுக்கு இந்தப் புலம்பல் எதற்கு?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து வேலை என்பது நேற்று முளைத்த புதுமையா? தென்காசிப் பக்கம், முக்கூடல் பக்கம், மேலப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். மடிக்கணினி பிறப்பதற்கு முன்பே மடியிலே சுளகை ஏந்திய தாய்மார்களைக் காண்பீர்கள்! இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி எண்ணிக் கொடுத்தால்தான் கூலி. வீடு அவர்களுடையது. விளக்கு அவர்களுடையது. புகையிலை நெடியிலே வளரும் குழந்தையும் அவர்களுடையது. ஆலை கட்டும் செலவு முதலாளிக்கு மிச்சம்! அங்கே பீடியை எண்ணுகிறார்கள். நேரத்தை எண்ணுவார் இல்லை.

வீட்டிலே சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று 1966 இல் பீடித் தொழிலாளர் சட்டம் ஒப்புக்கொண்டது. சம்பளத்தோடு விடுப்பும் பேறுகாலப் பயனும் அதிலே எழுதப்பட்டன. ஏட்டிலே எழுதினார்கள், சரி. ஒப்பந்தக்காரரின் கணக்கேட்டிலே பெயரே ஏறாத பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? ஒரு நாள் சுளகைத் தொடாவிட்டால், அன்றைக்குக் கூலி இல்லை. அவளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றே!

கணினிப் பொறியாளரும் பீடித் தாயும் வாங்கும் ஊதியத்திலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மறுக்கவில்லை. ஆனால் இருவருக்கும் மாட்டப்பட்ட பூட்டு ஒன்றே. வாசற்கதவு இல்லாத ஆலையிலே நேரத்துக்குக் கணக்கு இல்லை!

2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்திலே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே நாளன்று, திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. நல்லது. ஆலையிலே 12 மணி நேரம் என்றதும் நாடே அதிர்ந்தது. வீட்டிலே 12 மணி நேரம் நடக்கிறது. ஓர் இலை அசையவில்லையே! ஏன்? அந்த நேரம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைக் கேட்க ஆண்கள் விரும்புவதில்லை. வேலை வீட்டுக்கு வந்தது. ஆண், வீட்டு வேலைக்கு வந்தானா? ஒன்றிய அரசின் 2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: கூலியில்லாத வீட்டு வேலையிலே பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம்; ஆண்கள் 88 நிமிடம். அதுவும், வீட்டு வேலையிலே கை வைத்த ஆண்களை மட்டும் எண்ணி எடுத்த சராசரி! கணவன் ஓர் அறையிலே மடிக்கணினி முன், மனைவி மற்றோர் அறையிலே மடிக்கணினி முன். அந்த வீட்டிலே ஊதும் ஒரே சங்கு குக்கர் விசில். அதற்கும் எழுந்து ஓடுகிறவள் அவள்தானே! பெண்ணுரிமையை மேடையிலே முழங்கும் நாம், சமையற்கட்டு வாசலிலே நின்றுவிடலாமா?

வழி இல்லாமல் இல்லை. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்சு 2017 முதல் சட்டமாக்கியது. ஓய்வு நேரத்திலே தொழிலாளியைத் தொடர்புகொள்ளாதே என்று 2021 இல் போர்ச்சுகல் முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. நியாயமற்ற அழைப்பை மறுக்கலாம் என்று 2024 இல் ஆஸ்திரேலியா சொன்னது. நம் மக்களவையிலே 2018 டிசம்பரில் தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை.

வீட்டிலிருந்து வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குழந்தையை விட்டுப் பிரிய முடியாத தாய்க்கும், நடக்க இயலாத தோழருக்கும் அது வரமே. வேலை வீட்டுக்கு வரட்டும். வரும்போது, ஆலையிலே நாம் வென்றெடுத்த சட்டங்களையும் அழைத்துக்கொண்டு வரட்டும்! நேரக் கணக்கு வேண்டும். மிகுநேரத்துக்குக் கூலி வேண்டும். விடுப்பு என்றால் விடுப்பாக இருக்க வேண்டும். வீட்டுத் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரும் ஏட்டிலே ஏற வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் ஆலை வாசலோடு நின்றுவிடாமல், தெருவுக்குள்ளே வர வேண்டும். பீடி சுற்றும் திண்ணைக்கும், விளக்கணையாத அடுக்குமாடிக்கும் வர வேண்டும்!

ஆலைச் சங்கு தானாக ஊதவில்லை, ஊத வைத்தோம். வீட்டிலும் ஊத வைப்போம்!