உறங்க வைக்காத ஔஷதம்

காக்கை வலிப்பால் அவதியுறுவோரை அரைத்தூக்கத்தில் ஆழ்த்தி வைப்பதன்றி அவ்வியாதியை அடக்க வேறு உபாயமில்லை என்றே வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது; 1857 முதல் வழங்கிவந்த புரோமைடும், 1912இல் ஜெர்மானிய வைத்தியர் ஹாப்ட்மன் கைக்கொண்ட பீனோபார்பிட்டாலும் வலிப்போடு நோயாளியின் புத்தியையும் சேர்த்தே தணித்தபடியால், அந்த மந்தமே நிவாரணத்துக்குக் காரணம் என்று கருதுவது சகஜமாயிற்று.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவை பாஸ்டன் சிட்டி ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்துப் பூனைகள். 1930களின் பிற்பகுதியில் டிரேசி பட்னம், ஹூஸ்டன் மெரிட் என்னும் இருவர், பூனையின் தலைவழியே மின்சாரம் செலுத்தி, எந்த அளவில் வலிப்பு எழுகிறதென்று முதலில் குறித்துக்கொண்டு, பின்னர் மருந்தூட்டி, அதே பூனைக்கு அவ்வலிப்பு வர இன்னும் எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறதென்று அளந்தார்கள். மருந்தின் சக்தி இவ்வாறு எண்ணால் அறியப்பட்டது. 1908இல் பில்ட்ஸ் என்னும் ரசாயனி ஆக்கியதும், உறக்கம் தராததால் மதிப்பின்றிக் கிடந்ததுமான ஃபெனிடாயின், பார்க்-டேவிஸ் நிறுவனம் அனுப்பிய பொருள்களோடு அவர்களை வந்தடைந்தது. அது பூனைகளின் வலிப்பு வரம்பை வெகுவாக உயர்த்தியது. பூனைகளோ விழித்தே இருந்தன! 1938இல் நோயாளிகளிடத்தும் அதன் பலன் வெளியிடப்பட்டது. ஓயாமல் துடிக்கும் நரம்பணுக்களின் சோடிய வழிகளை அது அடைக்கிறது என்பது பிற்காலத்தில் தெரிந்த விஷயம். அந்த வாயில்லாப் பிராணிகள் பட்ட வேதனையை மறந்து இவ்வெற்றியை மட்டும் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

எனினும், ஒரே பரிசோதனை எல்லா மருந்துகளையும் இனங்காட்டிவிடாது. மின்சார வலிப்பில் கைகால் விறைத்து நீளுவதைத் தடுக்கும் ஃபெனிடாயின், பென்டைலீன்டெட்ரசால் என்னும் வலிப்பூட்டும் ரசாயனத்தின் ஊசியால் எழும் வெட்டுக்களைத் தடுப்பதில்லை. எதோசக்சிமைட் என்னும் மருந்தோ அவ்வூசியின் வலிப்பை அடக்கி, மின்சாரத்தின் முன் செயலற்றுப் போகிறது. குழந்தைகள் சில விநாடி நினைவிழந்து வெறித்து நிற்கும் வலிப்பு வகைக்கு ஃபெனிடாயின் உதவாமல் எதோசக்சிமைட் உதவுவதும் இதற்கு இசைந்ததே.

லெவிடிராசிடாம் என்னும் மருந்தின் வரலாறு இதனினும் விசித்திரமானது. ஆரோக்கியமான எலிகளில் இவ்விரு சோதனைகளிலும் அது தோற்றது. மூளையைச் சிறு மின்தூண்டலால் மீண்டும் மீண்டும் உசுப்பி, வலிப்புத் தன்மையையே ஊன்றிவிட்ட எலிகளிலோ வலிப்பை அடக்கியது. பழைய சல்லடைகளை மட்டுமே நம்பியிருந்தால் குப்பைக்குப் போயிருக்கக்கூடிய அம்மருந்து 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பற்றுவதும் சோடிய வழிகளையன்று, நரம்பணுக்களின் நுனியில் செய்தி ரசாயனத்தைத் தாங்கி நிற்கும் நுண்பைகளிலுள்ள ஒரு புரதத்தை.