ஒரு வயர் போதும்

தொண்டைமானாற்றில், சந்நிதி முருகன் கோயில் மணியோசை கேட்கும் என் வீட்டு விறாந்தையில் மருமகன் கேட்டான்: "மாமா, இந்தக் கொம்பியூட்டருக்குத் திரை எங்கை?"

"வேண்டாமடா. ஃபோன் சார்ஜ் பண்ணுற வயர் காணும்."

2015 நவம்பரில் 5 டொலருக்கு வந்த றாஸ்பெரி பை சீரோ அது. லான் வயர் செருக இடமில்லை. அந்த முதல் மொடலில் வைஃபையும் இல்லை. ஆனால் அதன் யூஎஸ்பி இரட்டை வேடம் போடும். மெமரி கார்டிலுள்ள இரண்டு கோப்புகளில் சிறு திருத்தம் செய்து, அந்த வயரால் லாப்டொப்போடு இணைத்தால், நெட்வேர்க் கார்ட் ஒன்று வந்துவிட்டதென்றே லாப்டொப் நம்பும். பையும் லாப்டொப்பும் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமே சூடிக்கொண்டு பேசத் தொடங்கும்.

முதல் நாள் மூச்சே இல்லை. என் வயருக்குள் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள்தான் இருந்தன. தரவுக்கான இரண்டும் இல்லை. வயரை மாற்றினேன், பேசியது.

"அப்ப குற்றம் வயரிலையோ மாமா?"