உங்களுக்குத் தெரியுமா? நிக்கோடிமஸ் என்னும் சிற்றூர்

அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில், அடிமைத்தளை நீங்கிய கென்டக்கிக் கறுப்பின மக்கள் 1877-ஆம் ஆண்டு ஸ்தாபித்த ஊர் நிக்கோடிமஸ். மரம் அரிதான அப்பிரதேசத்தில் அவர்கள் பூமியைக் குடைந்தே வசித்தமையால், பின்னர் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு முதலில் தென்பட்டது தரையிலிருந்து எழுந்த அடுப்புப் புகைதான். வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்தளித்திராவிடில், அந்த முதற் குளிர்காலத்திலேயே பல உயிர்கள் மடிந்திருக்கக்கூடும். பள்ளி, தேவாலயங்கள், வங்கி, பத்திரிகைகள் எனச் செழித்த அவ்வூர், 1888-இல் ரயில் பாதை சாலமன் நதிக்கு அப்பால் சென்றுவிட, வியாபாரிகளும் அதன் பின்னே பெயர்ந்தமையால் க்ஷீணித்தது. 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமாகிய அங்கே இன்று நிரந்தரமாக வாழ்வோர் 20-க்கும் குறைவே. ஆயினும் ஜனத்தொகையைக் கொண்டு இவ்வூரை அளப்பது அநீதியாகும், ஏனெனில் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் விடுதலை விழாவுக்கெனப் பல மாநிலங்களிலிருந்து அதன் சந்ததியார் திரண்டு வருகின்றனர்.